பந்தைத் தொடாதவர்களையும் காட்டுங்கள்: பிரீமியர் லீக் ஒளிபரப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் நிர்வாகத்தின் ஒளிபரப்புப் பிரிவினர், ஆட்டங்களின் நேரலையை இயக்கும் இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள்.

பெருமதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். வடசென்னையின் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன் நான். கிரிக்கெட்டுக்குப் பேர்போன இந்நகரத்தில் கால்பந்தைத் தன் சொந்த ஆட்டமாகக் கொண்ட பகுதி அது. சனிக்கிழமை இரவுகளில், இங்கிலாந்தின் கடிகாரம் கோடைக்கும் குளிருக்கும் மாறுவதைப் பொறுத்து ஏழரைக்கோ எட்டரைக்கோ, அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் உங்கள் ஆட்டங்கள் எங்கள் திரைக்கு வந்து சேர்கின்றன. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் கால்பந்து நேரலைக்குத் தடை இருக்கிறது. ஆகவே மான்செஸ்டரில் குடியிருக்கும் ஒருவர் வானொலியில் கேட்டறியும் ஆட்டத்தைச் சென்னையில் இருக்கும் நான் கண்ணால் பார்க்கிறேன். அது எவ்வளவு பெரிய பேறு என்பதை உணர்ந்துதான் இந்த விண்ணப்பத்தை எழுதுகிறேன்.

நானும் என் தாய்மாமன் மகன்கள் இருவரும் அலுவலக நண்பர்கள் சிலரும் சேர்ந்து பத்துப் பருவங்களாக உங்கள் ஃபேண்டஸி பிரீமியர் லீக்கை ஆடி வருகிறோம். இம்மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100 மில்லியன் பவுண்டு என்னும் கற்பனைத் தொகையைக் கொண்டு, ஓர் அணியிலிருந்து மூவருக்கு மேல் போகாமல், 15 ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் உண்மையான ஆட்டத்தில் செய்வதைப் பொறுத்து நமக்குப் புள்ளி வரும். கேப்டனாக நாம் வைத்தவரின் புள்ளி இரட்டிப்பாகும். 2002-03 பருவத்தில் தொடங்கிய இந்த ஆட்டத்தை இன்று உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஆடுகிறார்கள். இதில் சேரக் கட்டணம் கிடையாது, பணயமும் கிடையாது. 2025-இல் இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை வந்த பிறகு ‘ஃபேண்டஸி’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் பெரியவர்கள் ஐயத்தோடு பார்க்கிறார்கள் என்பதால் இதைத் தனியே குறிப்பிடுகிறேன். நாங்கள் ஆடுவது சூதாட்டம் அன்று. தோற்றவர் ஜெயித்தவருக்குப் பருவ முடிவில் ஒரு பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: புள்ளி வழங்குவதும் நீங்கள், படம் வழங்குவதும் நீங்கள். ஆனால் எதற்குப் புள்ளி வழங்குகிறீர்களோ அதன் பெரும்பகுதியை எங்கள் கண்ணுக்குக் காட்டாமல் விட்டுவிடுகிறீர்கள்.

சிறுவயதில் எங்கள் பகுதி அணியில் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடியபோது, எங்களுக்குப் பயிற்சியளித்தவர் வாரத்தில் ஒருநாள் எங்களை மைதானத்துச் சுற்றுச்சுவர் மேல் உட்கார வைப்பார். பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் பந்தைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவார். நான்காம் எண் சட்டைக்காரர் எங்கே நிற்கிறார், ஏன் அங்கே நிற்கிறார், இரண்டடி பின்னால் போனது எதனால் என்று அரைமணி நேரம் கழித்து அவரிடம் ஒப்பிக்க வேண்டும். அந்தச் சுவரின் மேல்தான் கால்பந்தை எனக்குப் படிக்கத் தெரிந்தது. பின்னாளில் நேரு விளையாட்டரங்கத்தில் ‘சென்னையின் எஃப்சி’ அணி ஆடும் ஆட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் மேல்வரிசையில் இடம் தேடுவதும் அதனால்தான். அங்கே என் கண் எனக்குச் சொந்தம். விரும்பினால் முழு ஆட்டமும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்தால் என் கண் உங்கள் இயக்குநரின் கையில் இருக்கிறது.

உங்கள் இயக்குநர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நடுக்கோட்டுக்கு நேராக உயரத்தில் நிற்கும் முதல் கேமரா ஆட்டத்தைத் தாங்கிச் செல்ல, அதன் பக்கத்தில் நிற்கும் இரண்டாவது கேமரா ஆளை நெருங்கிப் பிடிக்க, பெனால்டிப் பகுதிகளுக்கு நேராக நிற்பவை ஆஃப்சைடுக்கும், கோலுக்குப் பின்னால் நிற்பவை மறுகாட்சிக்கும் உதவ, இத்தனையையும் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து நொடிக்கு நொடி கோத்துத் தருவது எளிய வேலையன்று. ஆயினும் 105 மீட்டர் நீளமுள்ள ஆடுகளத்தில் முதல் கேமரா ஒரு நேரத்தில் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் பந்தைச் சுற்றியுள்ள ஒரு பகுதியை மட்டுமே. களத்தில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். திரையில் பெரும்பாலும் அவர்களில் ஒரு பகுதியினரே தெரிகிறார்கள். ஓர் ஆட்டக்காரரின் காலில் பந்து இருக்கும் நேரத்தைத் தொண்ணூறு நிமிடங்களில் கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்கள்தான் தேறும். மீதி நேரம் முழுவதும் அவர் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார், நமக்குத் தெரியாத இடத்தில்.

முன்கள ஆட்டக்காரர் எர்லிங் ஹாலண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23-இல் 36 கோல் அடித்து ஒரே பிரீமியர் லீக் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் என்ற சாதனையைப் படைத்தவர். ஓர் ஆட்டத்தில் முப்பது தடவைகூடப் பந்தைத் தொடாமல் இருப்பது அவருக்குப் புதிதன்று. அவருடைய கலை முழுவதும் பந்தில்லாத நேரத்தில் இருக்கிறது: இரண்டு மத்தியத் தடுப்பாட்டக்காரர்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒருவரின் தோளுக்குப் பின்னால் மறைந்து, அவர் தலையைத் திருப்பும் கணத்துக்காகக் காத்திருப்பது. ஃபேண்டஸி ஆடுகிறவன் என்ற முறையில் அடுத்த வாரமும் அவரைக் கேப்டனாக வைக்கலாமா என்று நான் முடிவெடுக்க வேண்டும். கோல் அடிக்காத ஒரு நாளில் அவர் ஐந்து தடவை ஓடி ஐந்து தடவையும் பந்து வராமல் திரும்பினாரா, அல்லது ஓடவே இல்லையா என்பதுதான் அந்த முடிவுக்கு ஆதாரம். முதலாவது நடந்திருந்தால் அவரை வைத்துக்கொள்வேன்; இரண்டாவது நடந்திருந்தால் மாற்றுவேன். உங்கள் படத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பந்து நடுக்களத்தில் இருக்கிறது, அவர் திரைக்கு வெளியே இருக்கிறார்.

இந்தக் குறை முன்பும் இருந்தது. ஆனால் 2025-26 பருவத்தில் நீங்களே கொண்டுவந்த ஒரு விதி அதைப் பெரிதாக்கிவிட்டது. தடுப்பாட்டப் பங்களிப்புக்குப் புள்ளி என்ற அந்த விதியை நான் மனமார வரவேற்றேன். கிளியரன்ஸ் (ஆபத்தான இடத்திலிருந்து பந்தை வெளியேற்றுவது), பிளாக் (உதைத்த பந்தை உடம்பால் மறிப்பது), இன்டர்செப்ஷன் (எதிரணியின் பாஸை இடையில் வெட்டுவது), டேக்கிள் (எதிரணியினர் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) என்று நாங்கள் சொல்லும் நான்கையும் சேர்த்து ஒரே ஆட்டத்தில் பத்தை எட்டும் தடுப்பாட்டக்காரருக்கு இரண்டு புள்ளி. நடுக்கள ஆட்டக்காரருக்கும் முன்கள ஆட்டக்காரருக்கும், சிதறிய பந்தை மீட்பதையும் கணக்கில் சேர்த்து, பன்னிரண்டை எட்டினால் இரண்டு புள்ளி. எவர்டன் அணியின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி போல, கோலும் அசிஸ்ட்டும் (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) அரிதாகவே வந்தாலும் உடம்பை முன்னால் போட்டுப் பந்தைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு முதன்முறையாக ஒரு மதிப்புக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரனாக ஆடியவன் என்பதால் அன்று நான் கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன் என்பதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் அந்தப் பத்தில் எத்தனையை நான் பார்த்திருக்கிறேன்? ஒரு பிளாக் நிகழ்ந்ததும் படம் கோலை நோக்கி உதைத்தவரின் ஏமாற்றமான முகத்துக்குத் தாவுகிறது. தடுத்தவர் எழுந்து நிற்பதற்குள் நாம் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கிறோம். மறுகாட்சி வந்தால் அதுவும் உதைத்தவரின் பக்கத்திலிருந்தே வருகிறது. பந்து எந்தத் தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டது என்பதைப் பலமுறை நான் ஆட்டம் முடிந்தபின் புள்ளிவிவரத்திலிருந்தே தெரிந்துகொள்கிறேன். ஒன்பதில் நிற்கிறாரா பத்தைத் தொட்டுவிட்டாரா என்பது எண்பத்தைந்தாவது நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டிக்கு இணையான பதற்றம். திரையில் அந்தப் பதற்றத்தின் சுவடே இருப்பதில்லை. பிளாக்குக்குப் பின் இரண்டே நொடி தடுத்தவர் மேல் கேமரா நின்றால் போதும். அதற்காகப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, பழக்கம் மாறினால் போதும். இந்த மடலில் வேறெதையும் ஏற்காவிட்டாலும் இதையாவது ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, ஆட்டக்காரர் மாற்றம். 2022-23 முதல் ஓர் அணி ஐந்து பேர் வரை மாற்றலாம் என்றான பிறகு, ஓர் ஆட்டத்தில் பத்து மாற்றங்கள் வரை நிகழ வாய்ப்பிருக்கிறது. ஃபேண்டஸியில் அறுபதாவது நிமிடம் ஒரு வாசற்படி. கோல் விட்டுக்கொடுக்காத அணியின் தடுப்பாட்டக்காரர் ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் வெளியேறினால் களமிறங்கியதற்கான ஒரு புள்ளி மட்டுமே. அறுபதைத் தாண்டி வெளியேறினால் அதற்கு இரண்டும், கோல் வாங்காததற்கான ‘கிளீன் ஷீட்’டுக்கு நான்குமாக ஆறு. அதன்பின் அவருடைய அணி கோல் வாங்கினாலும் அந்த நான்கு புள்ளி அவரை விட்டுப் போகாது. ஆகவே ஐம்பத்தைந்து முதல் அறுபத்திரண்டு வரையிலான நிமிடங்களில் கோட்டோரம் யார் மேலங்கியைக் கழற்றுகிறார், நான்காம் நடுவரின் பலகையில் எந்த எண் ஏறுகிறது என்பதை விட எங்களுக்கு முக்கியமானது வேறொன்றுமில்லை.

ஒருமுறை எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் கேப்டனாக வைத்திருந்த தடுப்பாட்டக்காரர் சரியாக அந்த நேரத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் உடனே பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பிரபலத்துக்குப் போனது. அங்கிருந்து எதிரணிப் பயிற்சியாளருக்கு. அங்கிருந்து முதல் பாதியில் தவறிய ஒரு வாய்ப்பின் மறுகாட்சிக்கு. திரும்பி வந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என் ஆள் களத்தில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய எனக்கு மூன்று நிமிடம் பிடித்தது. பின்வரிசையில் புதிய எண் ஒன்று தெரிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் எப்போது வெளியேறினார், ஐம்பத்தொன்பதிலா அறுபதிலா என்று என் மாமன் மகனோடு தொலைபேசியில் நான் போட்ட வாக்குவாதம் அந்த ஆட்டத்தைவிட நீண்டது. கேப்டன் என்பதால் இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே தொங்கிக்கொண்டிருந்த கணக்கு அது.

கேட்பது சிறிய விஷயம்தான். மாற்றம் நிகழும்போது வெளியேறுபவர், உள்ளே வருபவர் இருவரையும் பெயரோடும் நிமிடத்தோடும் காட்டிவிட்டு, அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்தப் பெயர்ப்பட்டையைப் பந்து அடுத்தமுறை வெளியே போகும்போதாவது மறுபடி காட்டுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் இடத்துக்கு ஒரு கேமராவை ஒதுக்கி, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே எட்டிப் பாருங்கள். மாற்றம் நடந்த பிறகு அணியின் அமைப்பு மாறியிருந்தால், விங்கில், அதாவது களத்தின் பக்கவாட்டு ஓரத்தில், ஆடியவர் உள்ளே வந்திருந்தால், நடுக்கள ஆட்டக்காரர் பின்வரிசைக்குப் போயிருந்தால், ஐந்தே நொடிக்கு அகலமான காட்சி ஒன்றைக் கொடுங்கள். யார் கார்னர் எடுக்கப் போகிறார், பெனால்டி எடுத்துவந்தவர் வெளியேறிய பின் அந்தப் பொறுப்பு யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்கு நாங்கள் சேமித்துவைக்கும் விதைநெல்.

காயத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். காயம்பட்டவரின் முகத்தை நெருங்கிக் காட்டுமாறு நான் கேட்கவில்லை. அதை ஒருபோதும் கேட்க மாட்டேன். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கும் ஃபின்லாந்துக்கும் இடையே நடந்த யூரோ கோப்பை ஆட்டத்தில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தபோது, அவருடைய அணியினர் அவரைச் சுற்றி அரணாக நின்று கேமராக்களுக்கு முதுகைக் காட்டினார்கள். எங்கள் புள்ளிக் கணக்கு எந்த நாளிலும் அந்த அரணைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. நாங்கள் வேண்டுவது செய்தி மட்டுமே. வேதனையின் படம் வேண்டாம். எந்தக் காலைப் பிடித்தார், தானாக நடந்து வெளியேறினாரா, பெஞ்சில் உட்கார்ந்தாரா அல்லது நேராக உள்ளே போய்விட்டாரா என்பதைத் தூரத்திலிருந்து ஒரு காட்சியாகவோ வர்ணனையாளரின் ஒரு வாக்கியமாகவோ சொன்னால் எங்களுக்கு நிறைவு.

மறுகாட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவாக ஓடும் மறுகாட்சியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு த்ரோ-இன் வீசப்பட்டு, பந்து உள்ளே வந்து, ஆட்டம் பத்து நொடி நகர்ந்த பிறகும் நாம் பழைய காட்சியிலேயே நின்றுகொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. மறுகாட்சியைத் திரையின் ஒரு மூலைக்கு ஒதுக்கி நேரலையைப் பக்கத்தில் ஓடவிட்டால் இரண்டும் கிடைக்கும். கோலுக்குப் பிந்தைய மறுகாட்சிகள் பெரும்பாலும் கடைசிப் பாஸிலிருந்தோ, சில வேளை உதையிலிருந்தோதான் தொடங்குகின்றன. எங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய ஐந்து நொடி. பந்து யார் காலிலிருந்து வந்தது, வரும் வழியில் எதிரணியினர் மேல் உரசியதா, அசிஸ்ட் யாருக்குச் சேரும் என்பதெல்லாம் அந்த ஐந்து நொடிக்குள் இருக்கின்றன. பெனால்டியைப் பெற்றுத் தந்தவருக்கு, வேறொருவர் அதைக் கோலாக்கினால், ஃபேண்டஸியில் அசிஸ்ட் உண்டு. ஆகவே விழுந்தவர் யார் என்பதும் உதைத்தவர் யார் என்பதற்குச் சமமான செய்தி. நான்கு கோணங்களில் வலை அசைவதைக் காட்டும் நேரத்தில் ஒரு கோணத்தை இதற்குத் தந்துவிடலாம்.

இவ்வளவும் கேட்டால் திரை குப்பைமேடாகிவிடாதா என்று நீங்கள் அஞ்சலாம். எனக்கும் அந்த அச்சம் உண்டு. என் தந்தைக்கு ஃபேண்டஸியும் தெரியாது, கிளீன் ஷீட்டும் தெரியாது. நல்ல ஆட்டத்தைப் பார்த்தால் போதும் அவருக்கு. அவருடைய படத்தில் எண்களைக் கொட்டி அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் ஒன்றை நினைவூட்டுகிறேன். ஸ்கோரும் ஆட்ட நேரமும் திரையின் மூலையில் நிலையாக நிற்பது 1992-இல், பிரீமியர் லீக் பிறந்த அதே ஆண்டில், ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் அதன் தலைவராக இருந்த டேவிட் ஹில் கொண்டுவந்த வழக்கம். படத்தின் மேல் எதற்கு இந்த ஒட்டு என்று தொடக்கத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அந்தச் சிறு பெட்டி இல்லாத ஆட்டத்தை நம்மால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. பாதி ஆட்டத்தில் தொலைக்காட்சியைப் போட்டவருக்கு யார் முன்னிலையில் இருக்கிறார் என்று சொன்னது அது. தேவை உண்மையானதாக இருந்ததால் நிலைத்தது. எங்கள் தேவையும் அப்படிப்பட்டதே என்று நம்புகிறேன். ஆனாலும் அதைப் பொதுப் படத்தில் திணிக்காமல், விரும்புகிறவர் மட்டும் தேர்ந்துகொள்ளும் தனி ஓடையாக (ஸ்ட்ரீம்) தரும்படிதான் கேட்கிறேன்.

அந்தத் தனி ஓடையின் அடிப்படை, களம் முழுவதையும் காட்டும் அகலமான காட்சியாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தைப் பாருங்கள். இருபத்திரண்டு பேரும் எந்நேரமும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கப்படும் ‘ஆல்-22’ என்னும் படம் நெடுங்காலம் பயிற்சியாளர்களுக்கு மட்டுமே கிடைத்துவந்தது. ரசிகர்கள் அதைப் பார்த்தால் ஒவ்வொருவரும் தன்னைப் பயிற்சியாளராக எண்ணிக்கொண்டு விமர்சிப்பார்கள் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். 2012-இல் அந்த ஆட்டத்தின் முதன்மைத் தொடரான என்எஃப்எல் அதைக் கட்டணச் சேவை வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஆட்டம் அதனால் சிறுத்துப்போகவில்லை. அதுவரை யாரும் கவனிக்காத ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதவும் பேசவும் ஒரு தலைமுறையே எழுந்தது. உங்கள் ஆட்டங்களுக்கும் அத்தகைய படம் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. அணிகளின் ஆய்வாளர்கள் இப்போதே அகலமான படத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். 2025 ஏப்ரல் 12 முதல் பாதித் தானியங்கி முறையில் ஆஃப்சைடைக் கண்டுபிடிக்கிறீர்கள். அதற்காகவே மைதானத்தைச் சுற்றிக் கேமராக்கள் நிற்கின்றன, அவை ஒவ்வொருவரின் காலும் தோளும் எங்கிருக்கின்றன என்பதை நொடிக்குப் பல தடவை குறித்துக்கொள்கின்றன. ஓர் ஆட்டக்காரரின் பூட்ஸ் நுனி கோட்டைத் தாண்டியதா என்று அளக்கத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, அவர் களத்தின் எந்த மூலையில் நின்றார் என்று எங்களுக்குக் காட்டுவது கடினமாக இருக்க முடியாது.

கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு அகலக் காட்சி எறும்பு ஊர்வதைப்போல் தெரியும் என்பது நியாயமான மறுப்பு. எங்கள் ஊரில் பலர் பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் உள்ளங்கையளவு திரையில்தான் ஆட்டம் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பழைய படமே நல்லது. வேண்டியவர் ஒரு பொத்தானை அழுத்தி ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தால், அவர் மேல் சிறு வட்டம் ஒன்று விழுந்து தொண்ணூறு நிமிடமும் அவரோடு நகரும்படி செய்தால், சிறு திரையிலும் அகலக் காட்சி பயன்படும். மேலே எந்த எண்ணும் வேண்டாம். அந்த வட்டம் ஒன்றே எனக்கு அன்றைய சுற்றுச்சுவரைத் திருப்பித் தந்துவிடும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. என்னுடைய 15 பேர் ஒரே ஆட்டத்தில் ஆடுவதில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு நான்கைந்து ஆட்டங்கள் ஒன்றாகத் தொடங்கும்போது நான் எந்தத் திரையைப் பார்ப்பது? பருவத்தின் கடைசி நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில். அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய என்எஃப்எல் ரெட்ஸோன், எந்த ஆட்டத்தில் ஓர் அணி கடைசி இருபது கஜத்துக்குள் நுழைகிறதோ அங்கே தாவித் தாவி ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒரே ஓடையில் கோத்துத் தருகிறது. ஃபேண்டஸி ஆடுகிறவர்களின் வீட்டில் அது ஒரு வாராந்தரச் சடங்காகவே ஆகிவிட்டது. ஜெர்மனியில் அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான புண்டெஸ்லீகாவின் சனிக்கிழமை ஆட்டங்களை ‘கோன்ஃபெரென்ஸ்’ என்ற பெயரில், வானொலிக் காலத்திலிருந்தே, மைதானம் விட்டு மைதானம் தாவிச் சொல்லும் மரபு இருக்கிறது. இரண்டில் நான் ஜெர்மனியர்களின் வழியைத்தான் விரும்புகிறேன். அவர்கள் கோலுக்காக மட்டும் தாவுவதில்லை. ஒரு மைதானத்தில் கொஞ்ச நேரம் தங்கி அந்த ஆட்டத்தின் மூச்சைக் கேட்கவைத்துவிட்டு நகர்கிறார்கள். மூன்று மணி ஆட்டங்களுக்கு உலக ரசிகர்களுக்காக நீங்கள் அப்படியோர் ஓடையை அமைத்து, கோல் மட்டுமின்றி ஆட்டக்காரர் மாற்றம், பெனால்டி, அறுபதாவது நிமிடத்து நிலவரம், ஆட்டம் முடியும்போது சிறப்பாக ஆடியவர்களுக்குக் கிடைக்கும் போனஸ் புள்ளி யார் பக்கம் சாய்கிறது என்பவற்றையும் அதில் சேர்த்தால், இன்று நான்கு செயலிகளையும் இரண்டு திரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் சிவந்துபோகும் எங்களில் பலர் ஒரே படத்தின் முன் நிம்மதியாக உட்காருவோம்.

இந்த மடலை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 முதல் ஐஎம்ஜி என்னும் விளையாட்டு ஒளிபரப்புத் தயாரிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திவந்த உலக ஒளிபரப்புத் தயாரிப்பை 2026-27 பருவத்திலிருந்து உங்கள் கைக்கே எடுத்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறீர்கள். வீடு மாறும்போதுதான் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று புதிதாக யோசிப்போம். 2025-26-இல் உடைமாற்று அறைக்குள்ளும் கேமரா நுழைய வழிசெய்தீர்கள். ரசிகருக்கு நெருக்கம் வேண்டும் என்பது அதற்கு நீங்கள் சொன்ன நியாயம். ஃபேண்டஸி ஆடுகிறவர் தேடும் நெருக்கம் வேறு வகையானது. சட்டை மாட்டுவதைப் பார்ப்பதைவிட, இடது விங்கில் ஒருவர் இருபது தடவை வீணாக ஓடுவதைப் பார்ப்பதே எங்களுக்கு அவரோடு நெருக்கம். எங்கள் ஐந்தாவது தடுப்பாட்டக்காரராக நாங்கள் வாங்கி வைத்திருக்கும், விலை நான்கு மில்லியன் மட்டுமே உள்ள, கடைநிலை அணியின் ஒரு பையனுக்காகவும் நாங்கள் நள்ளிரவு வரை விழித்திருக்கிறோம். அப்படி விழித்திருப்பவர்களால்தான், பட்டியலின் அடிமட்டத்தில் இருக்கும் இரு அணிகள் மோதும் ஆட்டத்துக்கும் சென்னையிலும் லாகோஸிலும் ஜகார்த்தாவிலும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள்.

அனைத்தையும் ஒரே நாளில் கேட்கவில்லை. வரும் பருவத்தில் ஏதேனும் ஓர் ஆட்டவாரத்தைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுக்கு, அகலக் காட்சியைத் தனி ஓடையாகத் திறந்துவிடுங்கள். வர்ணனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மைதானத்தின் ஓசை போதும். பெரிய அணிகள் மோதும் ஆட்டமாகவும் இருக்க வேண்டாம். எவர்டன் ஆடும் ஒரு சாதாரண ஆட்டமாக இருந்தாலும் போதும். நானும் என் மாமன் மகன்களும் ஆளுக்கு ஒரு தடுப்பாட்டக்காரரைப் பிரித்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் பார்த்து, கண்டதையெல்லாம் எழுதி உங்களுக்கு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு ரசிகன்,
சென்னை.